வன்னியில் தண்ணீரும் காணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் கமம் செய்பவர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து பற்றை மூடிய ஊர்க்காணியைத் திருத்த நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தண்ணீரைப் பற்றிக் கேட்ட பலருக்குக் காணியைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இரண்டையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம்.

வன்னியில் மழை குறைவா?

குறைவில்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை பெய்கிறது. மன்னார்ப் பக்கம் இதைவிடக் குறைவு. உலகத்தில் வரண்ட பிரதேசம் என்று சொல்லப்படும் பல இடங்களுக்கு இது கனவு. சிக்கல் அளவில் இல்லை, அது வந்து இறங்கும் காலத்தில் இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை கொட்டுகிற வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டு மழையின் பெரும்பங்கு. சித்திரையில் கொஞ்சம் இடிமழை. அதற்குப் பிறகு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வெயிலும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும்தான். அந்த மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் ஆவியாகிறது. ஆக, மூன்று நான்கு மாதம் பெய்வதைப் பிடித்து வைத்து மிச்ச மாதங்களைக் கடத்த வேண்டும். குளங்கள் எல்லாம் அதற்காக வந்தவைதான்.

கிழக்கு ஆபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கையும் யோர்தான் பள்ளத்தாக்கையும் நமக்கு உதாரணம் காட்டுகிறார்கள். வன்னிக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நிலவியல்படி ஒரு சம்பந்தமும் இல்லை. நிலத்தட்டு இழுபட்டுப் பிளந்து, நடுப்பகுதி கீழே இறங்கி உண்டானவை பிளவுப் பள்ளத்தாக்குகள். இரு பக்கமும் உயர்ந்த மேட்டுநிலம், நடுவில் மழை மறைவான பள்ளம். பல இடங்களில் ஏரிக்கு வடிகால் கிடையாது, வந்த நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். வன்னியோ மெல்லச் சரிந்து கடலில் முடியும் பழைய பாறைத்தளம். மேற்கிலும் வடக்கிலும் சுண்ணக்கல்லும் படிவுப்பாறையும் உண்டு.

ஆனால் கிழக்கு ஆபிரிக்காவில் நடந்த சில விடயங்கள் நமக்கு மிகவும் பழக்கமானவை. எத்தியோப்பியாவில் சிவாய் ஏரியிலிருந்து புல்புலா ஆறு வழியாக அபியாட்டா ஏரிக்கு நீர் போகிறது. மேலே உள்ளவர்கள் பாசனத்துக்கு எடுக்க எடுக்க, கீழே சோடா உப்புத் தொழிற்சாலையும் தன் பங்குக்கு உறிஞ்ச, அபியாட்டா சுருங்கிவிட்டது. மேல்குளத்தில் வான்கட்டை, அதாவது மிஞ்சும் நீர் வழியும் கட்டை, உயர்த்திவிட்டுக் கீழ்க்குளம் ஏன் நிறையவில்லை என்று கேட்கும் நம் ஊர்ச் சண்டையின் பெரிய வடிவம் அது.

கென்யாவின் பாரிங்கோவில் 1980களில் விறகுக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் என்று சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். தமிழ்நாட்டு இராமநாதபுரத்தில் எல்லோரும் திட்டும் அதே மரம். அது மேய்ச்சல் நிலத்தையும் வாய்க்கால் ஓரங்களையும் விழுங்கியது. அதே பாரிங்கோவில் 2010க்குப் பிறகு ஏரி மட்டம் உயர்ந்து கரையோரக் கமங்களும் வீடுகளும் நீருக்குள் போயின. வரண்ட பிரதேசம் என்றால் தண்ணீர் இல்லாததுதான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குளம் நிறைந்து வான் பாய்ந்த ஆண்டிலும் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்ச்செய்கைக்கு) எல்லா வயலுக்கும் தண்ணீர் தருவதில்லை. ஏன்?

அதிகம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், ஏதோ ஒரு நடுத்தரக் குளம். சித்திரையில் 1,000 ஏக்கர் அடி நீர் இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி. நூறு நாளில் ஆவியாவது அரை மீற்றர், அதாவது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். குளத்தின் நீர்ப்பரப்பு சுருங்கிக்கொண்டே போகும் என்பதால் சராசரி 150 ஏக்கர் என்று வைப்போம். வெயில் மட்டும் குடிப்பது 240 ஏக்கர் அடிக்கு மேல். கால்பங்கு போயிற்று. மாடுகளுக்கும் மீனுக்கும் ஊர்க்கிணறுகளின் ஊற்றுக்கும் 100 விட வேண்டும். மிச்சம் ஏறக்குறைய 650.

சிறுபோக நெல்லுக்கு, வாய்க்காலில் கசிவது உட்பட, ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி எடுத்தால் 160 ஏக்கர்தான் விதைக்கலாம். வாய்க்காலைத் திருத்தி, முறை வைத்துப் பாய்ச்சி, அதை 3 ஆக இறக்கினால் 215 ஏக்கர். குளத்தின் கீழ் 400 ஏக்கர் வயல் இருந்தால் பாதிக்கு மேல் தரிசாகக் கிடக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு பொறியியலாளருக்கும் தெரியும், கமக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கூட்டத்தில் 200 என்று தீர்மானித்துவிட்டு 280 விதைக்கிறோம். கதிர் வெளிவரும் நேரத்தில் தண்ணீர் முடிகிறது. அப்போது நட்டம் அடைவது கூடுதலாக விதைத்தவர் அல்ல, கடைவாய்க்காலில் இருப்பவர். தலைவாய்க்கால்காரருடைய வரம்புக்குள் அன்றைக்கும் தண்ணீர் நிற்கும்.

அந்த 160 ஏக்கரை யாருக்குக் கொடுப்பது?

நல்ல பழைய வழக்கம் ஒன்று உண்டு. துருசுக்கு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகுக்கு) கிட்டவாக இருக்கும் வயல்வெளியைத் தெரிந்தெடுத்து, அதை அந்தக் குளத்தின் கீழ் காணி உள்ள எல்லோருக்கும் பங்கு போடுவது. அந்தப் போகத்துக்கு மட்டும் மற்றவர் காணியில் நீங்கள் விதைப்பீர்கள். நீர் குறைந்த தூரம் ஓடுவதால் கசிவும் குறைவு. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் கீழும் சிறுபோகம் பங்கு வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.

இன்றைக்கு இது சிக்கலாவதற்குக் காரணம் காணிதான். சொந்தக்காரர் கனடாவில், குத்தகைக்காரர் வேறு ஊரில், இடையில் ஒருவர் பங்கை மட்டும் வாங்கி விற்கிறார். வயல் உள்ளவருக்கா, வயல் செய்பவருக்கா பங்கு என்பதைப் பங்கு பிரிக்கும் முன்னமே தீர்க்காத கமக்கார அமைப்பு, ஒவ்வொரு சிறுபோகமும் அதே சண்டையைப் பிடிக்கும்.

பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் என்ன?

உங்களைக் கேட்காமல் முடிவெடுப்பார்கள், அவ்வளவுதான். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்க வேண்டிய திகதி, எத்தனை மாத நெல், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் நாள், கடைசித் தண்ணீர் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. பெரிய குளங்களுக்கு மாவட்டச் செயலாளர் தலைமை தாங்குவார். 80 ஹெக்ரெயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அந்தக் கூட்டத் தீர்மானம் உங்களையும் கட்டுப்படுத்தும், கூட்டத்துக்குப் போகாதவர் என்பதற்காக விலக்கு இல்லை.

குளத்தை ஆழமாக்கினால் கூடுதல் தண்ணீர் நிற்கும்தானே?

நிற்கும். ஆனால் அது வயலுக்கு வருமா என்பது வேறு கேள்வி. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் நீர் துருசு வழியாக வெளியே வராது. மாடு குடிக்கும், மீன் வாழும், பம்பு வைத்தால் இறைக்கலாம். அதுவும் பயன்தான். பாசனத்துக்கு என்று சொல்லிப் பணம் கேட்பதுதான் பிழை.

இன்னொரு ஆபத்து உண்டு. பழைய குளத்தின் அடியில் பல காலமாகப் படிந்த களிப்படைதான் நீரைத் தாங்குகிறது. பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) கொண்டு கண்டபடி கிண்டி அந்தப் படையை உடைத்துவிட்டால், கீழே உக்கிய பாறைக்குள் நீர் இறங்கத் தொடங்கும். மாசியிலேயே வற்றும் குளமாகிவிடும். வண்டலை எடுப்பதென்றால் அலைகரைப் பக்கமாக, அதாவது கட்டுக்கு எதிரே நீர் ஏறி வற்றும் ஓரமாக, தடிப்பைத் துளையிட்டுப் பார்த்து, மேலே படிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்த வண்டலைக் குளக்கட்டின் மேல் குவித்தால் அடுத்த மாரியில் அது திரும்பக் குளத்துக்குள் வரும். மேட்டுக்காணித் தோட்டத்துக்கு ஏற்றுங்கள், அது நல்ல பசளை.

குளக்கட்டை உயர்த்துவது பற்றியும் கேட்கிறார்கள். இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1921இல் முடிந்த குளம். பிறகு பல தடவை உயர்த்தப்பட்டு, கடைசிப் புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகி, 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதம் பெருமழை கொட்டி, வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கமக்காரருக்குக் குளம் மார்கழியில் நிறைந்திருக்க வேண்டும். கீழே குடியிருப்பவருக்கு மார்கழியில் குளத்தில் இடம் இருக்க வேண்டும். உயரம் கூடக் கூட இந்த இழுபறியும் கூடும். அலைகரையில் யாருடைய காணி மூழ்கும் என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

அலைகரையில் வெள்ளரி, கச்சான் (நிலக்கடலை) போடலாமா? நீர் வற்றிய இடம்தானே.

கூடாது. உழுத மண் அடுத்த மழைக்கு நேரே குளத்துக்குள் போகும். முதலாம் ஆண்டு வெள்ளரி, மூன்றாம் ஆண்டு வேலி, அதற்குப் பிறகு குளம் நிறைந்தால் "என் காணிக்குள் தண்ணீர் வருகிறது" என்று வான்கட்டை இரவோடிரவாக உடைப்பது. இது எந்தக் குளம் என்று கேட்காதீர்கள், ஒன்று இரண்டு அல்ல.

தொடர்குளங்கள் என்கிறார்களே, அது என்ன? சின்னக் குளங்களை விட்டுவிட்டுப் பெரிய குளத்தைப் பார்த்தால் போதாதா?

வவுனியாவின் வரைபடத்தைக் கிட்டப் பார்த்தால் ஒரே தாழ்வில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் குளங்கள் இருப்பது தெரியும். மேல்குளத்தின் வயலில் வடியும் நீர் கீழ்க்குளத்துக்கு வரும். அதை மீண்டும் பயன்படுத்தி அடுத்த குளத்துக்கு விடுவார்கள். இலங்கையின் உலர் வலயத்திலுள்ள இந்தத் தொடர்குள முறையை 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது.

மேலே கைவிடப்பட்ட நாலு சின்னக் குளங்கள் உடைந்து கிடந்தால், ஒரே இரவில் பெய்த மழை முழுவதும் மண்ணோடு பெரிய குளத்துக்குள் பாயும். போருக்குப் பிறகு பெரிய குளங்களுக்குத்தான் பணம் வந்தது. திறப்புவிழா நடத்த வசதியானவை அவை. காட்டுக்குள் இருக்கும் 20 ஏக்கர்க் குளத்தைக் கட்டினால் யார் படம் எடுப்பது?

பழைய அமைப்பில் குளத்துக்கு மேலே மண்ணை வடிகட்டும் புல்லும் மரமும் இருந்தன. கட்டுக்குக் கீழே, வயல் தொடங்க முன் ஒரு துண்டு மரக்காடு இருந்தது. கட்டால் கசியும் உவர்நீரை அந்த மரங்கள் குடித்துவிடும். அந்தத் துண்டையும் வெட்டி வயலாக்கியவர்கள்தான் இப்போது முதல் வரம்பில் பயிர் மஞ்சளாகிறது என்று விவசாயப் போதனாசிரியரைத் தேடுகிறார்கள்.

மேட்டுக்காணியில் விவசாயக் கிணறு வெட்டப் போகிறேன். தண்ணீர் கிடைக்குமா?

எந்த இடம் என்பதைப் பொறுத்தது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்பகுதியிலும் கடும்பாறைதான். அதன் மேலுள்ள உக்கிய படையிலும் பாறை வெடிப்பிலும் மட்டுமே நீர் இருக்கும். காலையில் இறைத்தால் பின்னேரம் வரை ஊறக் காத்திருக்க வேண்டும். குளத்துக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கும் கிணறுகள் குளம் வற்றினால் தாங்களும் வற்றும். பக்கத்துக் காணிக்காரர் உங்களுடையதைவிட ஆழமாக வெட்டினால் உங்களுடையது வற்றும். முருங்கன், முழங்காவில் பக்கங்களில் சுண்ணக்கல்லில் நல்ல நீர் இருக்கிறது. ஆனால் கடலும் கிட்ட இருக்கிறது, அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். கரையோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அங்கே ஆழ்துளைக் கிணறு அடிப்பது நல்ல நீரைத் தாண்டிப் போய் உப்பை எடுப்பது.

குடிக்கலாமா அந்தத் தண்ணீர்?

பரிசோதிக்காமல் வேண்டாம். வவுனியாவின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம். கிழக்கு ஆபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே தொல்லை, அங்கே எரிமலைப் பாறையிலிருந்து வருகிறது, இங்கே பழைய கடும்பாறையிலிருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் வேலை செய்து அதிக தண்ணீர் குடிப்பவர்கள் வாழும் இலங்கையில் எல்லை 1. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, நீர் ஆவியாவதால் கொஞ்சம் செறிவுதான் கூடும்.

பூநகரியில் வயல் உவராகிறது. ஜிப்சம் போட்டால் சரிவருமா?

மண் துகளிலேயே சோடியம் ஒட்டிப் பிடித்திருந்தால் உதவும், வெறும் கடலுப்பு என்றால் உதவாது. மண்ணைப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். எதுவானாலும் உப்பைக் கழுவி வெளியேற்ற மழைநீரும் வடிகாலும் வேண்டும். வடிகால் அடைபட்ட வயலில் மூட்டை மூட்டையாகப் போட்டும் பயனில்லை. உவர் தடுப்பணையின் பலகைகளை மாரி முடிய நேரத்துக்குப் போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். விதையில், ஏ.ரி. 354 (At 354) என்ற இனம் உப்பைக் கொஞ்சம் தாங்கும் மூன்றரை மாத நெல்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்காதது சரியா?

இரணைமடு நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் வந்த திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் தர மருதங்கேணி தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலை தெரிந்த எவரும் "தரமாட்டோம்" என்று சும்மா சொல்ல முடியாது. ஆனால் சிறுபோகம் ஆண்டுதோறும் பங்கு வைக்கப்படும் குளத்தில், மழை பொய்த்த ஆண்டில் முதலில் யாருடைய குழாய் பூட்டப்படும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டது நியாயம்தான். எங்கள் பார்வையில் அந்தப் பதில் வராததே திட்டத்தைக் கவிழ்த்தது. மாவட்டப் பெருமையைக் காரணமாகச் சொல்வது சோம்பேறித்தனம்.

அப்பாவின் பெர்மிட் காணி. விற்கலாமா, பிரிக்கலாமா?

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுத்த காணியை அனுமதியில்லாமல் விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்ததாக அரசு தரும் அளிப்புப் பத்திரம் என்றால் பிரிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு அதிலேயே எழுதியிருக்கும். தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் யாரையும் நியமிக்காமல் காணிக்காரர் இறந்தால் முன்பு ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பால் வேறுபாட்டை நீக்கியது. போரில் கணவனையும் அண்ணன்மாரையும் இழந்து, பெண்களே கமத்தை நடத்தும் வீடுகள் வன்னியில் எத்தனையோ. கமக்கார அமைப்பில் உறுப்புரிமை, பங்குத் தண்ணீர், உர மானியம் எல்லாம் காணியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதோடு கட்டப்பட்டவை. ஆகவே பின்னுரித்தைப் பதிவு செய்வதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எங்கள் வயலில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்த காட்டைக் காடாகவே எல்லையிட்ட இடங்கள் உண்டு. பழைய பெர்மிட், கமநல சேவை நிலையத்து வயற்பதிவு, பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். வரம்பும் பழைய வாய்க்காலும் தெரியும் இடங்களைப் படமெடுத்து வையுங்கள். கல்லைப் பிடுங்கி எறிய வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

புழுதி விதைப்பா, சேற்று விதைப்பா?

காலபோகத்துக்கு (மாரிப் பயிர்ச்செய்கைக்கு), களையைக் கட்டுப்படுத்த முடியுமென்றால், காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்பு. முதல் மழைக்கு முளைத்துவிடும், குளத்து நீரைத் தொடாமலே பாதிப்போகம் கடந்துவிடும். தை மாதத்தில் மீதியாகும் அந்த நீர்தான் சிறுபோகம். மழையை நம்பிக் காத்திருந்து கார்த்திகையில் சேறடிப்பவர், அடுத்த போகத்தின் தண்ணீரை இந்தப் போகத்து உழவுக்கே செலவழிக்கிறார்.

சிறுபோகத்தில் நெல்லை விட்டு வேறு என்ன செய்யலாம்?

முதலில் காணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாழ்வில் இருக்கும் சாம்பல் நிறக் களியில் நீர் வடியாது, அங்கே நெல்தான். முருங்கன் கரிமண் காய்ந்தால் கால் போகும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உழவு இயந்திரம் புதையும். மேட்டிலும் இடைத்தரையிலும் இருக்கும் செங்கபில மண்ணில் உழுந்து, பயறு, கௌபி, எள்ளு, கச்சான் எல்லாம் நெல்லுக்குத் தேவையான நீரில் பாதிக்கும் குறைவாகவே எடுத்து வரும். எள்ளு சித்திரை மழையோடேயே பெரும்பாலும் ஒப்பேறிவிடும்.

1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டு படித்த வாலிபர் திட்டங்களில் (படித்த இளைஞருக்கு அரசு காணி கொடுத்த திட்டங்களில்) மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கல்வீடு கட்டியவர்கள் உண்டு. 1977இல் இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், நெல்லை விடச் சொல்லி அறிவுரை சொல்பவர்கள் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. நெல்லை விற்க முடியாவிட்டால் வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். அரை ஏக்கர் கத்தரிக்காயை அப்படி வைக்க முடியாது.

சொட்டு நீர்ப்பாசனம் போட மானியம் தருகிறார்கள். எடுக்கலாமா?

கிணறும் நிலையான சந்தையும் இருந்தால் எடுங்கள், மிளகாய்க்கும் பப்பாசிக்கும் நன்றாக உதவும். வன்னிக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் துளைகள் அடைபடும். வடிகட்டியைக் கழுவவும் குழாயை அமிலம் விட்டுச் சுத்தம் செய்யவும் யார் சொல்லித்தருவார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கையெழுத்துப் போட முன் கேளுங்கள். மயிலும் குரங்கும் குழாயைக் கொத்திக் கடிக்கும் இடமென்றால் தூவல் முறையைப் பற்றியும் விசாரியுங்கள்.